கௌதம் அண்ணனைப் பாரு!

"ஹிஸ்டரி குரூப்பா?"

வேல்பாண்டி போட்ட சத்தத்தில், தொழுவத்தில் நின்ற மாடுகூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

"ஆமாப்பா," என்றாள் யோகேஸ்வரி. "பத்தாவதுல சமூக அறிவியல்ல நூத்துக்கு நூறு வாங்கிருக்கேன். ஹிஸ்டரி டீச்சராகணும்னு ஆசையா இருக்கு."

"கணக்குலயும்தான் நல்ல மார்க்கு வாங்கிருக்க. ஃபர்ஸ்ட் குரூப்பு கூப்பிட்டுக் குடுப்பாக. நீ என்னடான்னா, மார்க்கு வராதவன் போய் ஒதுங்குற எடத்துல போயி உக்காரப் போறேங்குற. ஏட்டி, புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"எனக்கு அதுதாம்ப்பா பிடிச்சிருக்கு."

"பிடிச்சதப் படிச்சா சோறு கிடைக்குமா? நம்ம கௌதம் அண்ணனைப் பாரு! இன்ஜினியரு. சென்னைக் கம்பெனி. இப்ப ராஜபாளையத்துல வீட்டுல ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்குதான்!"

கௌதம்ராஜ், வேல்பாண்டியின் அண்ணன் மகன். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கௌதமில்தான் போய் முடியும். தலை வாரவில்லை என்றாலும் கௌதம், தட்டில் சோறு மிச்சம் வைத்தாலும் கௌதம்.

யோகேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையிலிருந்த மார்க் லிஸ்ட்டை மடிக்க ஆரம்பித்தாள்.

அம்மா கல்பனா நேரம் பார்த்து எண்ணெய் ஊற்றினாள்.

"குரூப்பு கெடக்கட்டும். தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இவளுக்கு ஒரு போன் வருது. மாடிக்குப் போயி குசுகுசுன்னு பேசுதா. யாருட்டின்னு கேட்டா, படிக்கிற விஷயம்ங்கா. பள்ளிக்கூடமே லீவு, இதுல என்ன படிப்பு?"

வேல்பாண்டிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. எவனோ ஒரு பயல் ஹிஸ்டரி குரூப்பில் சேரப் போகிறான். அவன் பின்னாலேயே இவளும் கிளம்பிவிட்டாள். வேறென்ன?

"போனக் குடு." வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "யாருட்டி அவன்?"

"அப்பா, நீங்க நெனைக்கிற மாதிரி ஒண்ணுமே இல்ல."

"அப்ப சொல்ல வேண்டியதுதான?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்ப்பா."

"வாக்கா! ஏறு வண்டில. கௌதம்கிட்டயே கேட்டுருவோம். அவன் எந்தக் குரூப்பு சொல்லுதானோ, நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல போயி அதுலதான் அட்மிஷன் போடுறோம்."

"ஐயோ, கௌதம் அண்ணன்கிட்டயா? வேண்டாம்ப்பா!"

மடியில் கனம் இருக்கிறது, அதுதான் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மகாராஜபுரத்தில் ஆரம்பித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைத் தாண்டி, ராஜபாளையம் போய்ச் சேரும்வரை வேல்பாண்டி வண்டியையும் நிறுத்தவில்லை, வாயையும் நிறுத்தவில்லை.

கௌதமின் அம்மா பொன்மணி வாசலுக்கே வந்தாள்.

"வாங்க தம்பி. வா தாயி. கௌதமு உள்ள மீட்டிங்ல இருக்கான். செத்த நேரம் உக்காருங்க, காப்பி போடுதேன். பாவம் பிள்ள, பொழுதன்னிக்கும் கதவச் சாத்தி, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு அம்புட்டு வேல பாக்கான்!"

"அவசரமில்ல மதினி, அவன் வேலைய முடிச்சிட்டே வரட்டும்," என்ற வேல்பாண்டி, மகள் பக்கம் திரும்பினார். "பாத்தியா? அதுதான் படிப்பு!"

யோகேஸ்வரி, சாத்தியிருந்த அறைக்கதவையும் அப்பாவின் சட்டைப் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

பொன்மணி சாமி விளக்கை ஏற்றிவிட்டு அடுக்களைக்குள் போனாள். சட்டைப் பையில் போன் அடித்தது.

"வந்துட்டான்யா!"

எடுத்துப் பார்த்தார். பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'டவுட்டு' என்று மட்டும் இருந்தது.

"அப்பா, எடுக்காதீங்கப்பா..."

எடுத்துக் காதில் வைத்தார். மூச்சு விடவில்லை. பயல் முதலில் பேசட்டும்.

"டீச்சரம்மா! வெள்ளைக்காரன் நிலவரி வாங்குனதுல ரயத்துவாரி முறை எது, மகல்வாரி முறை எதுன்னு மறுபடியும் குழம்பிருச்சு. நேத்து நீ சொல்லிக் குடுத்தப்ப நல்லாத்தான் வெளங்குச்சு..."

நன்றாகப் பழகின குரல். போனிலும் கேட்டது, சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

"ஞாயித்துக்கிழம குரூப் ஃபோர் பரீட்சை. ஒரு கவர்மெண்ட் வேல கிடைச்சிட்டா, கம்பெனில என்னைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னு அம்மாட்டத் தைரியமாச் சொல்லிருவேன். அதுவரைக்கும் யாருட்டயும் மூச்சு விட்ராத தாயி. அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப, சித்தப்பா என்னையக் காட்டியே உன்னைய ஏசுனாவளே, எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா அவிய வாய் அடைச்சிருக்கும். சொல்லலியே நீ..."

வேல்பாண்டி மகளைப் பார்த்தார். அவள் அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டி, 'பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டாம்ப்பா' என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

காப்பித் தம்ளரோடு வந்த பொன்மணி, "போன்ல யாரு தம்பி?" என்றாள்.

வேல்பாண்டி போனை மகள் கையில் கொடுத்தார். கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்:

"பள்ளிக்கூட விஷயம் மதினி. நம்ம பிள்ள ஹிஸ்டரி குரூப்புல சேருதால்ல, அதுல ஏதோ சந்தேகம் கேக்காக. போ தாயி, வெளிய போயி நிதானமா சொல்லிக் குடுத்துட்டு வா. கௌதமு மீட்டிங் முடியுற வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன்!"