ஒரு லட்சம் மாரிச்செல்விகள்

அவள் என்டரைத் தட்டினாள்.

ஒரு லட்சம் மாரிச்செல்விகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து, உயரம் அளக்கும் ஸ்டாண்டில் ஏறி நின்றார்கள்.

எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான்.

வெளியே இருப்பது ஒரே ஒரு மாரிச்செல்வி. அவளுடைய தங்கை. போன மாதம் காவலர் தேர்வில், வேண்டிய உயரத்துக்கு அரை சென்டிமீட்டர் குறைவு என்று மைதானத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டவள்.

அரை சென்டிமீட்டர். ஒரு பாசிப்பயறு உயரம்.

லேபில் யாரும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தராசு, அளவுகோல், தெர்மாமீட்டர் என்று வருவதையெல்லாம் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற லேப். எந்தக் கருவியும் உண்மையை அப்படியே சொல்லிவிடாது என்பதில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று பார்க்க ஒரு வழி உண்டு. தப்பு வரக்கூடிய இடங்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட வேண்டும். அது ஒவ்வொரு இடத்துக்கும் சீட்டுக் குலுக்கிப்போட்டு எடுப்பதுபோல ஓர் எண்ணை எடுக்கும். கூட்டும். மறுபடி குலுக்கும். லட்சம் தடவை. கடைசியில் அந்த எண்களெல்லாம் குவிந்து திரையில் ஒரு குன்று எழும்பி நிற்கும்.

தேர்வுக்கு வேண்டிய உயரத்தில், நெட்டுக்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். கோட்டைத் தாண்டியவர்களுக்குத் தொப்பி, லத்தி, பென்ஷன்.

முதல் தடவை ஸ்டாண்டின் தவறை மட்டும் கொடுத்தாள். தாண்டியவர்கள் சொற்பம்.

அவளுக்கு மூச்சு வந்தது.

தங்கை தோற்றதில் அக்காவுக்கு நிம்மதி. கேட்கவே நன்றாக இல்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அன்று மைதானத்து வாசலிலிருந்து ஒரு போன் வந்திருந்தது. யாரோ ஒரு பெண் போலீஸிடம் கெஞ்சி வாங்கிய போன். ஆட்சேபம் சொன்னால் மறுநாள் காலையில் வேறு ஸ்டாண்டில் அளப்பார்களாம், கேட்கட்டுமா என்றாள் மாரிச்செல்வி. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசித் தேர்வு. அதற்காக இரண்டு வருஷம் விடியுமுன் எழுந்து ஓடியவள்.

"அந்த ஸ்டாண்டச் செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்டி. வீம்பு பண்ணாம வந்து சேரு."

தன் கையெழுத்தைச் சொந்தத் தங்கையே சந்தேகப்பட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அப்போது அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

மாரிச்செல்வி வந்து சேர்ந்தாள். இப்போது ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள்.

முதல் தடவையோடு விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. தலைக்கு மேல் கட்டையை இறக்கியவரின் கையைச் சேர்த்தாள். அழுத்தி இறக்கியிருக்கலாம். லேசாகவும் விட்டிருக்கலாம். குன்று பக்கவாட்டில் அகன்றது. கோட்டுக்கு அப்பால் ஒரு சரிவு இறங்கியது.

பிறகு அந்த நாளைச் சேர்த்தாள்.

விடியுமுன் வரிசையில் நின்றவளுக்கு மத்தியானம் மூன்று மணிக்குத்தான் முறை வந்தது. நின்றுகொண்டே இருந்தால் முதுகெலும்பு அமுங்கும். காலையில் இருக்கிற உயரம் பொழுது சாய்கையில் எந்த மனுஷருக்கும் இருப்பதில்லை. இது அவளுக்குத் தெரியும். போன் வந்த அன்றும் தெரியும்.

அவள் சான்றிதழ் கொடுத்தது ஸ்டாண்டுக்கு மட்டும்தான்.

இந்தத் தடவை குன்று மொத்தமாக நகர்ந்தது. முக்கால்வாசிப் பேர் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய்விட்டார்கள்.

வேறு குலுக்கல் போட்டுப் பார்த்தாள். இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் கும்பல் கும்பலாகத் தாண்டினார்கள், பாவிகள்.

"இது என்னக்கா, என் பேரப் போட்டு வச்சிருக்க?"

பின்னால் மாரிச்செல்வி நின்றிருந்தாள். கடையில் வார லீவு. அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

மறைக்க நேரமில்லை. இன்ன விஷயம் என்று சொன்னாள். மாரிச்செல்வி சிரித்தாள். என்னை ஒருத்தியைப் பெத்ததுக்கே அம்மா படாத பாடு பட்டுச்சு, இதுல லட்சமா என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையருகே குனிந்தாள். அடியில் இருந்த எண்கள் பொடிப்பொடியாக இருந்தன. அவளுக்குக் கோடும் குன்றும்தான் தெரிந்தன.

தேறினவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

அக்காவின் விரல் திரைக்குப் போயிற்று. கோட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கியிருந்த சின்னத் துண்டைக் காட்டியது.

மாரிச்செல்வி வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பேர்.

"அப்ப நான் கேட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. இல்லக்கா?"

"ஆயிருக்காது."

ஒரு மாதமாக வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போகிறவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். புளிச்சோற்றில் பாதியை மூடியில் போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கையும் தொட்டுக்கொண்டு, பசியோடு சாப்பிட ஆரம்பித்தாள்.

அவள் மீதிச் சோற்றையும் தங்கை பக்கம் நகர்த்தி வைத்தாள்.