அந்த நாலு நாள்

டாக்டர் கேள்வி கேட்டது மனைவியிடம். பதில் சொன்னவர் எல்லாம் தெரிந்த கணவர்.

"மாசத்துல நாலே நாள்தான் மேடம். தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுவா. பாத்திரம் பறக்கும். அளந்து பாத்தா பிரஷர் எகிறி நிக்கும். எல்லாம் பீரியட்ஸ் படுத்தற பாடு. நெட்ல படிச்சிருக்கேன்."

"அந்தச் சமயத்துல பிரஷரும் மனசும் கொஞ்சம் ஏறி இறங்கறது உண்டுதான்." டாக்டர் மனைவியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். "இப்ப உங்களுக்குப் பீரியட்ஸாம்மா?"

"இல்ல டாக்டர். முடிஞ்சு ஒரு வாரமாச்சு."

"அவளுக்கு என்ன தெரியும்?" கணவர் கையை வீசினார். "முடிஞ்சாலும் அதோட வேகம் இருக்கும் மேடம்."

கருவி நூற்று அறுபதைக் காட்டியது.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" பரிசு வாங்கியவர்போல் பூரித்துப் போனார்.

"சரி, மத்த நாள்ல எப்படி இருக்காங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" சர்வஞானி எரிச்சலாகச் சொன்னார். "எனக்கு வேலை வெளியூர்ல. மாசத்துல அந்த நாலு நாள்தானே நான் வீட்டுக்கே வர்றேன்!"

டாக்டர் கதவைக் காட்டினார்.

"கொஞ்சம் வெளிய இருங்க. மறுபடி அளந்து பாக்கணும்."