உழாத மூலை

"எலும்பைக் காட்டுங்க, அப்புறம் கல்லை வைங்க!"

கல் வைக்கக் கூடாது என்று வந்திருந்த டப் ரிக்கின்ஸ் இதைத்தான் சொன்னாரா, இதைவிடக் கடுமையாக எதையாவது சொன்னாரா என்பது இப்போது சரியாக நினைவில்லை. கைதட்டல் மட்டும் நினைவிருக்கிறது. கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகக் கூடத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன.

வட புளோரிடாவின் அந்தப் பைன் காட்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நடந்த ஒரு சண்டையில் தெற்கின் சாம்பல் சட்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். அவர்களுக்குப் பூங்காவில் எப்போதோ கல் வைத்தாகிவிட்டது. வடக்கின் நீலச் சட்டையில் செத்த கறுப்புச் சிப்பாய்களுக்கும் ஒரு கல் வேண்டும் என்பதுதான் மனு. கவுண்டியை நிர்வகிக்கும் ஐந்து கமிஷனர்களில் இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். மிச்சமிருந்தவர் ஹாலிஸ் டேட்டம்.

ஹாலிஸ் மேஜைக்கு அடியில் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். நேரமாகியும் வெளியே எடுக்கவில்லை.

மனு கொடுத்த லுவீனியா பெல், சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு மைக் முன்னால் நின்றார். எழுபதைத் தாண்டியவர்.

"என் கொள்ளுத்தாத்தா இந்த ஊர்ப் பண்ணையில அடிமையா இருந்து, ஓடிப்போய் நீலச் சட்டை போட்டவரு. அவரு சம்சாரம் பண்ணையிலயே கெடந்தாங்க. சண்டை முடிஞ்சப்பறம், அடிபட்டு விழுந்து கெடந்தவங்களைச் சுட்டாங்க. அதுல அவரும் ஒருத்தரு. ஒரு கல்லுதான் கேக்கறோம்."

"கதை நல்லாத்தான் இருக்கு, மிஸ் லுவீனியா," என்றார் டப். "எங்க பொதைச்சாங்க? அதைச் சொல்லுங்க. அன்னைக்கு ஓடினவங்க வீட்ல போய்ச் சேந்துருப்பாங்க."

"டப்பு, போன வருஷம் பூங்காவுல நடிச்சுக் காட்டின சண்டையில செத்து விழுந்து குறட்டை விட்டவன் நீ!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது.

லுவீனியா சிரிக்கவில்லை. திரும்பி ஹாலிஸைப் பார்த்தார். ஓட்டுக்காகத்தான் பார்க்கிறார் என்று ஹாலிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும், ஊரே பூங்காவில் கூடி அந்தப் பழைய சண்டையை நடித்துக் காட்டும் நாளில், லுவீனியா கூடையோடு ஹாலிஸ் வயலுக்கு வருவார்.

"காட்டோரம் கொஞ்சம் பைன் காய் பொறுக்கிக்கட்டுமா, மிஸ்டர் ஹாலிஸ்? அடுப்புக்கு ஆகும்."

"தாராளமாப் போங்க. கேக்கணுமா?"

பீரங்கிச் சத்தம் பிடிக்காமல் வருகிறார் போலிருக்கிறது என்று ஹாலிஸ் நினைப்பார். கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் போவார் லுவீனியா. திரும்பும்போது அதைக் கையில் வீசிக்கொண்டு வருவார். இந்தச் சின்ன உதவியைச் செய்த அன்று மட்டும் ஹாலிஸுக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

மற்ற நாட்களில் வராது. வேர்க்கடலை வயலின் கோடியில் முள் மண்டிய ஒரு மூலை இருந்தது. அப்பா அங்கே உழவிட்டதில்லை. ஏன் என்றும் சொன்னதில்லை. அவர் காலத்துக்குப் பிறகு ஹாலிஸ் ஒருமுறை அதன் ஓரத்தில் டிராக்டரை விட்டார். கலப்பையில் மாட்டிக்கொண்டு வந்தது ஒரு மனிதத் தாடை. கூடவே, கழுகு பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்று, வடக்குப் படையின் சட்டையில் இருப்பது.

மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தவர், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. முள் மறுபடி மண்டியது. பொத்தானை மட்டும் எறிய மனம் வரவில்லை.

"ஹாலிஸ், உங்க ஓட்டு?" என்றார் தலைவர்.

ஹாலிஸின் பைக்குள் இருந்த கை வெளியே வந்தது. பொத்தான் மேஜைமேல் சின்னச் சத்தத்தோடு விழுந்தது.

"எலும்பு என் வயல்ல இருக்கு, டப். ரொம்ப வருஷமா எனக்குத் தெரியும். கல்லை வைக்கலாம்."

யாரும் கைதட்டவில்லை.

கல் வந்துவிட்டது. ஹாலிஸ் அடுத்த தேர்தலில் தோற்றார். டப் இன்றும் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். கல் திறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் லுவீனியா கண்ணை மூடினார்.

ஆனால் ஹாலிஸுக்கு மனதை விட்டுப் போகாதது, கூட்டம் முடிந்த அந்தச் சாயங்காலம்தான். லுவீனியாவைத் தன் வண்டியிலேயே வயலுக்கு அழைத்துப்போனார். "வாங்க, எடத்தைக் காட்டறேன்," என்று முன்னால் நடந்தவர், முள்ளை விலக்கத் தெரியாமல் தடுமாறினார்.

லுவீனியா அவரைத் தாண்டிப் புதரைச் சுற்றிப்போனார். பின்பக்கம் ஒரு ஆள் நுழையும் சந்தில் குனிந்து உள்ளே போனார்.

உள்ளே முள் இல்லை. பெருக்கிய தரை. வரிசை வரிசையாக வெள்ளைக் கடற்சிப்பிகள், கறுப்பர்களின் கல்லறைகளில் வைக்கிற மாதிரியே. சில புதியவை. சில, ஹாலிஸ் பிறப்பதற்கு முன்பே வைத்தவைபோல் பாசி பிடித்து மண்ணில் பாதி அமிழ்ந்திருந்தன.

"தெரிஞ்சும் ஏன் டப்கிட்ட சொல்லல?"

"உங்க நெலமாச்சே. ஏற்கெனவே ஒருக்கா டிராக்டர் விட்டீங்க. செதறின எலும்பை நாங்கதான் எடுத்துத் திரும்ப வெச்சோம்."

"எங்கப்பாகூட எங்கிட்ட சொல்லல. உங்களுக்கு யாரு சொன்னா?"

லுவீனியா குனிந்து, சரிந்திருந்த ஒரு சிப்பியை நேராக வைத்தார்.

"அன்னைக்குப் பண்ணையிலேர்ந்து வந்து குழி வெட்டினது யாருன்னு நெனச்சீங்க, மிஸ்டர் ஹாலிஸ்?"