பிக்கெட்டைத் திட்டுகிறவர்

"ஏம்ப்பா பிக்கெட், உனக்கெல்லாம் கோச் வேலையை யாருய்யா குடுத்தது? என் மாட்டை மேய்க்கக்கூட உன்னை நம்பி அனுப்ப மாட்டேன்."

பார்வையாளர் வரிசையில் பக்கத்தில் இருந்த பெரியவர் போட்ட சத்தத்தில் டார்லாவின் கையிலிருந்த காபி தளும்பியது. கையாலும் காலாலும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், ஒரு பையன் உதைத்த பந்து கோணலாகப் போய் வேலிக்கு வெளியே விழுந்திருந்தது. அதற்குத்தான் இந்தத் திட்டு.

மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த கோச் பிக்கெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன சார் இது, அவர் காதுல விழாதா?"

"விழணும்னுதானேம்மா கத்தறேன்" என்றார் பெரியவர் நிதானமாக. "ஊருக்குப் புதுசா?"

"ஆமா, வயோமிங்லேர்ந்து வந்திருக்கேன். என் பையன் ட்ரென்ட் ஆடறான். இருபத்திரண்டாம் நம்பர். முதல் ஆட்டம்."

"அடடா. நான் டெல்மர். இந்த டீமைக் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து பார்த்துட்டிருக்கேன்."

"அப்பல்லாம் நல்லா ஆடுவாங்களா?"

"இல்லம்மா. அப்பவும் தோப்பாங்க. ஆனா கொஞ்சம் கௌரவமா தோப்பாங்க."

டார்லா சிரித்துவிட்டாள். நெப்ராஸ்கா காற்று காதைக் கடித்தது. டெல்மர் தன் கம்பளியில் பாதியை அவள் முழங்காலுக்கு இழுத்துவிட்டார்.

"ஒரு வருஷம் பனி கொட்டுச்சு பாருங்க, ரெண்டு டீமுக்கும் பந்து எங்க இருக்குன்னே தெரியல. நாங்க ரொம்ப நல்லா ஆடினது அன்னிக்குத்தான்."

"சும்மா சொல்லாதீங்க."

"எங்க டீமுக்குக் காட்டெருமைன்னு பேரு. ஒரு தடவை நிஜக் காட்டெருமையையே கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்க. அது பாதி ஆட்டத்துலயே கயித்தை அறுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. அதுக்கும் பொறுக்கல."

"ஜெயிச்சதே இல்லையா?"

"ஏன் ஜெயிக்காம? ஒரு தடவை ஜெயிச்சோம். ஜெயிச்சா கோல் கம்பத்தைப் பிடுங்கிட்டு ஊர்வலம் போகணுமில்ல, எல்லாரும் ஓடினோம். எப்படிப் பிடுங்கறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. பழக்கம் இல்ல பாருங்க."

"அப்புறமும் எதுக்கு சார் வர்றீங்க?"

"என் சம்சாரத்தை முதல் தடவை இங்கதான் பார்த்தேன். மழைன்னு என் குடைக்குள்ள வந்து உட்கார்ந்தா. ஜெயிக்கிற டீமா இருந்தா ஆட்டத்தைப் பார்த்திருப்பா. என்னை எங்க பார்த்திருக்கப் போறா? இந்த டீமுக்கு நான் கடன்பட்டிருக்கேம்மா."

இவ்வளவு நல்ல மனுஷன் எதற்கு அந்தக் கோச்சை இப்படிக் கரித்துக்கொட்டுகிறார் என்று டார்லாவுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் ட்ரென்ட் களத்தில் இறங்கினான். டார்லா எழுந்து நின்றாள். பந்து அவனை நோக்கிப் பறந்து வந்தது. கைக்குள் விழுந்து, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி வெளியே போனது. எதிரணிக்காரன் அதைத் தரையில் விழும்முன் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிப் புள்ளி எடுத்தான்.

மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இருபத்திரண்டு, கையில என்ன வெண்ணெயா?"

"இருபத்திரண்டை வெளிய அனுப்பு" என்றது இன்னொன்று.

மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

டெல்மர் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார்.

"பிக்கெட், யோவ் பிக்கெட். பையன் இடது பக்கம் நிக்கறான், வலது பக்கம் பந்தை வீசச் சொன்ன புத்திசாலி நீதானே? உங்க வீட்டுல சாப்பாட்டு மேசையிலயும் இப்படித்தான் தட்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா?"

கூட்டம் முழுதும் கொல்லென்று சிரித்தது. அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் முடியும்வரை பிக்கெட்டின் தொப்பி, பிக்கெட்டின் தொப்பை, எதுவும் தப்பவில்லை.

வழக்கம்போல் தோற்றார்கள்.

டார்லாவால் அடக்க முடியவில்லை. "வயசுக்கேத்த மாதிரி நடந்துக்குங்க சார். தப்புப் பண்ணினது என் பையன். அவனுக்கு வாய்ப்புக் குடுத்த மனுஷனை நீங்க நாறடிக்கிறீங்க."

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார் டெல்மர். கம்பளியை மடித்து அக்குளில் செருகிக்கொண்டு, மெதுவாகப் படி இறங்கிப் போனார்.

அந்தப் பணிவு அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லி, இந்தக் கிழவரை உள்ளே விடாமல் தடுக்கச் சொல்ல வேண்டும் என்று மைதானத்தின் பின்பக்கம் போனாள்.

வீரர்கள் உடை மாற்றும் அறையின் வாசலில் பிக்கெட் நின்றிருந்தார். எதிரே தொப்பியைக் கையில் பிடித்தபடி டெல்மர். வகையாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள் டார்லா. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

பிக்கெட் பெரியவரின் தோளில் கை வைத்தார்.

"இன்னிக்குக் கொஞ்சம் லேட் பண்ணிட்டீங்களே டெல்மர். பந்து நழுவின உடனே என்னைத் திட்ட ஆரம்பிச்சுடணும்னுதானே உங்களை நான் கேட்டுக்கிட்டது? அதுக்குள்ள பாருங்க, அந்தப் பையன் காதுல அவன் நம்பர் விழுந்துடுச்சு."