மீதி வாக்கியம்

“இந்த நாற்காலி…” என்று ஆரம்பித்தேன்.

“நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டேதான் தூங்குறார் டாக்டர். படுத்தா மூச்சு முட்டுது” என்று முடித்தாள் என் மனைவி.

நான் சொல்ல வந்தது, இந்த நாற்காலி ஆடுகிறது என்று. நுரையீரல் நிபுணர் என்று வாசலில் பெயருக்குப் பின்னால் முழ நீளத்துக்குப் பட்டம் போட்டிருக்கிறான். வருகிறவனுக்கு ஒழுங்கான நாற்காலி போட வக்கில்லை.

அவன் கணினியைப் பார்த்துத் தலையாட்டினான். என் முகத்தை அவன் பார்த்து நான் பார்த்ததில்லை. என் எக்ஸ்ரேயை மட்டும் பெண் பார்க்க வந்தவன் மாதிரி பார்ப்பான்.

எனக்கு ஒரு மூச்சுக்கு மூன்று, நான்கு வார்த்தைதான் வரும். பிறகு முட்டியில் கையை ஊன்றி, சூடான டீயை ஊதுகிறவன் மாதிரி உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு, அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் இவள் புகுந்துவிடுவாள்.

காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவன் நான். ஒரு லாரி வெங்காயத்தை ஒரே மூச்சில் விற்றுவிடுவேன். இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே அப்போது எனக்கு ஆகாது. வாயில் சிகரெட் இல்லாமல் ஒருநாளும் விலை சொன்னதில்லை. அதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது என் பேச்சை இவள் ஏலம் விடுகிறாள். சரியாக விட்டாலாவது பரவாயில்லை.

பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் நலம் விசாரிக்க வந்து, எனக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்கள். “நீங்க ரெண்டு பேரும்…” என்றேன். கிளம்புங்க என்பது மீதி. “சாப்பிட்டுத்தான் போகணுமாம்” என்றாள் இவள். அதுகளும் வெட்கமே இல்லாமல் உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டன.

மகன் வெளியூரிலிருந்து ஃபோன் செய்தான். “நீ ஒருதடவை வந்து…” என்றேன். முகத்தைக் காட்டிட்டுப் போ என்பது மீதி. “வந்து அலைய வேணாங்கிறார்ப்பா” என்றாள். அவனும் அப்பா சொல் தட்டாத பிள்ளையாக அங்கேயே இருந்துவிட்டான்.

என் முதுகுக்கு சோப்பு போடுவது இவள்தான். சட்டைப் பொத்தான் மாட்டுவது, ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து எனக்குப் பின்னால் இழுத்து வருவது எல்லாம் இவள்தான். அக்கா வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள். கேட்டால், இவரை விட்டுட்டு எப்படி வர்றது என்பாள், என்னமோ நான் அடுப்பில் வைத்த பால் மாதிரி. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் புருஷன் மனசில் என்ன ஓடுகிறது என்று துளிகூடத் தெரியாத மண்டு.

மருத்துவன் திடீரென்று கணினியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். விஷயம் பெரிது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

“இனிமே போன தடவை மாதிரி முத்திப் போச்சுன்னா, மறுபடி தொண்டையில டியூப் போட்டு மெஷின்ல வைக்க வேண்டியிருக்கும். வேணுமா வேணாமான்னு நீங்க இப்பவே யோசிச்சுச் சொல்லிடுங்க. வேணாம்னா…”

அவனும் முடிக்கவில்லை. கல்லுக்குண்டாட்டம் இருக்கிறான், அவனுக்கே அந்த வாக்கியத்துக்கு மூச்சு போதவில்லை.

நான் யோசிக்க ஒன்றுமில்லை. போன தடவை குழாயோடு கிடந்தபோது, பிடுங்கிப் போட்டுவிடுவேன் என்று என் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். செத்தாலும் இனி இது வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இவளிடம் சொன்னால் அதையும் மாற்றித்தான் சொல்லப்போகிறாள்.

“அந்த டியூப் மட்டும்…” என்றேன். மூச்சு தீர்ந்துவிட்டது.

முட்டியில் கையை ஊன்றி ஊதினேன். கண்டிப்பா போட்டுடுங்க டாக்டர் என்று இவள் பாய்வாள். பாயட்டும். ஒரு அதட்டு அதட்டிவிட்டு, வேணாம் என்று நானே சொல்லிவிடுவது என்று மூச்சைத் திரட்டிக்கொண்டிருந்தேன்.

இவள் ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவன் வழக்கம்போல இவளைப் பார்த்தான். அப்போதும் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். வாயை அப்படி மூடி நான் பார்த்ததே இல்லை.

மீதி என்னவென்று இவளுக்குத் தெரிந்திருந்தது. அட்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. அப்படியென்றால் பக்கத்து வீட்டாரிடம் நான் சொல்ல வந்ததும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மகனிடம் சொல்ல வந்ததும் தெரியும். கூப்பிட்டாலும் அவன் வரமாட்டான் என்பதும் தெரியும். கள்ளி.

முட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

மூச்சு வந்தது.

“போட்டுடுங்க டாக்டர்” என்றேன்.

அவன் அதைக் கணினியில் தட்டப் போனான்.

“வேணாங்கிறார் டாக்டர்” என்றாள் இவள், தரையைப் பார்த்தபடியே.

படித்த மேதைக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறுத்துச் சொல்ல என்னிடம் மூச்சு இருந்தது. சொல்லவில்லை.