ஏழாவது கோர்

மூன்றாம் மாடியில் இருந்தவர்கள்: அவள், எட்டு மூளைபோல எட்டு கோர் கொண்ட கணினி ஒன்று, மாலை போட்ட பிரிண்டர். மாடிப்படி அருகே காவலாளி மரியசூசை.

ஆயுத பூஜை முடிந்ததும் மற்றவர்கள் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். எல்லாக் கணினிக்கும் சந்தனப் பொட்டு வைத்து அணைத்தாயிற்று. நாளை விடுமுறை, நாள் முழுக்கத் தொடக்கூடாது.

அவளுடையதை மட்டும் அணைக்கவிடவில்லை.

ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, கணினியை உள்ளிருந்து ஆளும் கெர்னல் வினாடிக்கு ஆயிரம் தடவை அதன் தோளைத் தட்டும். உன் நேரம் முடிந்ததா, வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று.

ஏழாவது கோரில் ஒரே ஒரு வேலைதான். காத்திருக்க ஆளில்லாத இடத்தில் கேள்வி எதற்கு?

ஏழு மாதமாக அந்தத் தட்டல்களை நிறுத்திக்கொண்டு வந்தாள். ஆயிரம் ஒன்றானது. அந்த ஒன்றும் போனது. மிஞ்சியது நான்கு வினாடிக்கு ஒருமுறை வரும் விசாரிப்பு. கோர் உறைந்துபோய்விட்டதா என்று எட்டிப் பார்க்கும் கண்காணிப்பு.

இன்று அதையும் அணைத்தாள்.

மூன்று மணி நேரச் சோதனை. ஒரு தட்டல்கூட விழாவிட்டால் இந்த ஏழு மாத வேலை அவள் பெயரில் நிற்கும். விழுந்தால் நாளை மறுநாள் வேறு குழுவுக்குப் போய்விடும். மேலாளர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

அரை மணிக்கொரு முறை மரியசூசை கதவைத் திறந்தார்.

"இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்."

இரண்டாம் தடவை, உங்க மெஷினுக்கு மட்டும் சாமி லீவு தரலையா என்று கேட்டார். மூன்றாம் தடவை பொரியை நீட்டினார். இனி வந்து பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டினார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

போனும் அடிக்கவில்லை. கூப்பிட வேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்று எல்லோரிடமும் எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். அவர்களும் பழகிவிட்டார்கள்.

ஐந்தே முக்காலுக்குச் சோதனை முடிந்தது.

பூஜ்ஜியம்.

மறுபடி பார்த்தாள். பூஜ்ஜியம்தான்.

யாரிடமாவது சொல்லலாம். போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் பெயர் வரை போய்விட்டு, கவிழ்த்து வைத்தாள்.

கணினித் திரை அணைந்தது. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் விளக்கும் அணைந்தது. ஆள் அசைந்தால்தான் அது எரியும். வழக்கமாகக் கையை ஆட்டுவாள்.

ஆட்டவில்லை.

வெளியே இரண்டு குரல்கள். ஆறு மணிக்கு ஆள் மாறுவார்கள். உள்ளே யாராவது உண்டா என்று புதியவர் கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் ஒரு நிழல் வந்து நின்றது.

"லைட் இல்லையே. போயிருப்பாங்க." மரியசூசையின் குரல்.

"இருக்கேன்" என்றாள்.

கூப்பிடும் குரல் அல்ல. பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லும் குரல். ஏசி இரைச்சலைத் தாண்டவில்லை.

கதவில் சாவி இரண்டு சுற்று திரும்பியது.