கரையில் ஓடும் கோழி

அடைகாக்க உட்கார்ந்த கோழியின் முட்டைகளை ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு வாத்து முட்டையை வைத்துவிட்டார்கள். பொரிந்து வந்த பிள்ளை நேராகக் குளத்தில் இறங்கியது. மூழ்கிவிடுமோ என்று கோழி கரையெல்லாம் ஓடி ஓடிக் கத்தியது. அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

ஒருநாள் வாத்து கரையேறி இறகை உதறியது. “நீந்திட்டு வந்தா மனசு அப்படியே லேசாகுதும்மா. படுத்ததும் தூக்கம் வருது. நீதான் எப்பப் பார்த்தாலும் சிடுசிடுன்னு இருக்க. தினம் ஒரு முங்கு முங்கிப் பாரேன், கவலையெல்லாம் தண்ணியோட போயிடும்” என்றது.

கத்திக் கத்திக் கோழிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. “என் கவலையே அந்தத் தண்ணிக்குள்ளதானேடா முங்கி முங்கி எழுந்திரிக்குது” என்றது.

வாத்துக்குக் கேட்கவில்லை. அது மறுபடியும் குளத்தில் இறங்கியிருந்தது.